வரியை உடைத்தால் வரி புரியும்

தமிழில் 'வரி' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று அரசாங்கத்துக்குக் கட்டுவது. இன்னொன்று நோட்டில் எழுதுவது. காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வரி சோறு போடுகிறது, பொட்டி தட்டுகிறவர்களுக்கு இரண்டாவது வரி சோறு போடுகிறது. இந்த இரண்டு வரியும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எக்செல் ஷீட்டின் மேலே நீளமாக இருக்கிறதே, அந்த ஃபார்முலா கட்டம்!

அங்கே வரும் கேள்வி ரொம்பச் சின்னது. எங்கே என்டர் தட்டுவது?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிக்கலாம். கம்ப்யூட்டரைக் கேட்டால் அதுவும் சிரிக்கும். முந்நூறு எழுத்தை ஒரே வரியில் எழுதினாலும் பத்து வரியாக மடக்கி எழுதினாலும் எக்செல் ஒரே விடையைத்தான் தரும். சி, ஜாவா மாதிரி மொழிகளிலும் இதே கதைதான். வாக்கியம் முடிந்தது என்பதை அரைப்புள்ளியை வைத்துத்தான் அவை தெரிந்துகொள்கின்றன. வரி எங்கே முடிந்தது என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலையே இல்லை.

அப்படியானால் என்டர் தட்டுவது யாருக்காக? விடை தெரிய ஒரு பில்லைப் பார்க்க வேண்டும்.

ஓசூர் பில்

ஊத்தங்கரையிலிருந்து செங்கம், திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது சிங்காரப்பேட்டை. அந்தப் பக்கத்தில் பி.காம் முடித்த பையன்கள் கணக்கு வேலை தேடி பஸ் ஏறினால், பலருக்குக் கிருஷ்ணகிரி, ஓசூர், அதையும் தாண்டினால் பெங்களூர்தான். ஓசூரில் பெரிய வண்டிக் கம்பெனிகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள் ஏராளம். அப்படி ஒரு யூனிட்டில் ஒரு பையன் கணக்கு எழுதப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

அவனுக்கு முதல் நாளே ஒரு பாடம் கிடைக்கும். ஓசூர் எல்லை ஊர். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகா. சரக்கு கிருஷ்ணகிரிக்குப் போனால் ஒரு மாதிரி வரி, அத்திப்பள்ளிக்குப் போனால் வேறு மாதிரி வரி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து இப்படித்தான். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் மத்திய ஜி.எஸ்.டி. பாதி, மாநில ஜி.எஸ்.டி. பாதி. வேறு மாநிலத்துக்கு விற்றால் இரண்டும் சேர்ந்த ஐ.ஜி.எஸ்.டி. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா.

டேலியில் பில் போட்டாலும், பக்கத்தில் சரிபார்க்க ஒரு எக்செல் ஷீட் வைத்திருப்பது பல ஆபீஸ்களில் வழக்கம். பையனுக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஷீட்டில் இப்படி ஒரு ஃபார்முலா இருக்கிறது. (நிஜத்தில் இது ஆங்கிலத்தில் இருக்கும். படிக்க வசதியாக இங்கே தமிழில்.)

=இஃப்(மாநிலம்=33,இஃப்(வகை="உதிரி",தொகை*0.14+தொகை*0.14,தொகை*0.09+தொகை*0.09),இஃப்(வகை="உதிரி",தொகை*0.28,தொகை*0.18))

மூச்சு முட்டுகிறதா? நிஜத்தில் வருபவற்றோடு ஒப்பிட்டால் இது குழந்தை. 2007 பதிப்பிலிருந்து எக்செல் ஒரு ஃபார்முலாவில் 8192 எழுத்துகள் வரை விடுகிறது. ஒரு இஃப்புக்குள் இன்னொரு இஃப் என்று 64 அடுக்கு வரை போகலாம். இடம் கிடைக்கிறது என்றால் மனுஷன் சும்மா இருப்பானா...

இந்த ஃபார்முலா தப்பே இல்லை. 2025 செப்டம்பர் 21 வரை ஒழுங்காக வேலை செய்திருக்கும்.

செப்டம்பர் 22 அன்று வரி அடுக்குகள் மாறின. 12 சதவீதமும் 28 சதவீதமும் பெரும்பாலான பொருள்களுக்குப் போய்விட்டன. வாகன உதிரி பாகங்களுக்கெல்லாம் ஒரே 18 சதவீதம். இப்போது பையன் அந்த ஃபார்முலாவைத் திறந்து 28ஐ 18 ஆக்க வேண்டும். என்ன செய்வான்? ஒரே வரியில் கண்ணை ஓட்டி 0.28ஐத் தேடுவான். ஒரு இடத்தில் இருக்கிறது. மாற்றிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவான்.

அங்கேதான் வினை. அந்த வரியில் இன்னொரு 28 இருக்கிறது, ஆனால் 28 என்ற பெயரில் இல்லை. இரண்டு 14 ஆக ஒளிந்திருக்கிறது. கர்நாடகா பில்லெல்லாம் சரியாகிவிடும். தமிழ்நாட்டு பில்லெல்லாம் பழைய வரியிலேயே ஓடும். ஒரு லட்சம் ரூபாய் சரக்குக்கு அத்திப்பள்ளிக்காரருக்கு 18,000 வரி, கிருஷ்ணகிரிக்காரருக்கு 28,000 வரி! அதிகமாக வாங்கிய பத்தாயிரத்தைக் கம்பெனி கையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. வரி என்று சொல்லி வசூலித்ததை அரசுக்குக் கட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம். அப்புறம் கிரெடிட் நோட், திருத்தம், முதலாளியிடம் திட்டு. எல்லாம் வரிசையாக வரும்.

உடைத்துப் பார்த்தால்

அதே ஃபார்முலா. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. என்டரும் கொஞ்சம் இடைவெளியும் மட்டும் சேர்த்தால்:

=இஃப்(மாநிலம்=33,
    இஃப்(வகை="உதிரி",
        தொகை*0.14 + தொகை*0.14,
        தொகை*0.09 + தொகை*0.09),
    இஃப்(வகை="உதிரி",
        தொகை*0.28,
        தொகை*0.18))

இப்போது பாருங்கள். 'உதிரி' என்ற சொல் இரண்டு இடத்தில், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று நிற்கிறது. இரண்டுக்கும் அடியில் ஒரு கணக்கு. கை வைக்க வேண்டிய இடம் இரண்டு என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் வேறொன்றும் தெரியும். 14ம் 14ம் 28. 9ம் 9ம் 18. அதாவது மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே விடையைத்தான் தருகின்றன! மொத்த வரி மட்டும் வேண்டுமென்றால் மாநிலத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புது வரி வந்த பிறகு உதிரியா இல்லையா என்றும் கேட்க வேண்டாம். மொத்த ஃபார்முலாவும் சுருங்கி இவ்வளவுதான் ஆகிறது:

=தொகை*0.18

ஒரே வரியில் இருந்தபோது இந்த உண்மை அதற்குள்ளேயேதான் இருந்தது. கண்ணுக்குத்தான் படவில்லை. வரியை மடக்குவதை அழகுக்குச் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த பில்லில் அது அழகுக்குச் செய்ததா, பணத்துக்குச் செய்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

எக்செல்லில் சும்மா என்டர் தட்டினால் கர்சர் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்ட வேண்டும். மேலே உள்ள ஃபார்முலா கட்டம் ஒரு வரி உயரத்துக்கே இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விரியும். தினமும் எக்செல்லில் குடியிருப்பவர்கள்கூடப் பலர் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஓலை முடிந்த இடம்

இந்தப் பிரச்சினை எக்செல்லோடு பிறந்தது இல்லை. தமிழில் எழுத்து எவ்வளவு பழசோ, கிட்டத்தட்ட அவ்வளவு பழசு.

பனை ஓலைச் சுவடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுத்து, எழுத்து, எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பாட்டு முடிந்ததும் புது வரி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தி ஓலை கிழிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். புள்ளி இல்லாததால் எகரமும் ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும். 'எரி' என்று இருந்தால் அது நெருப்பா, தண்ணீர் நிற்கும் ஏரியா என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்!

எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓலையைப் பதப்படுத்துவது பெரிய வேலை, கிடைக்கும் இடமோ கொஞ்சம். இடத்தை மிச்சம் பிடித்தார்கள். அவர்களுக்கும் அவர்களிடம் பாடம் கேட்டவர்களுக்கும் பாட்டு மனப்பாடம். ஓலை என்பது ஞாபகப்படுத்த ஒரு துணை, அவ்வளவே. எழுதியவரே பக்கத்தில் இருக்கும்வரை வரி பிரிக்காதது ஒரு குறையாகவே தெரியாது.

எழுதியவர் போன பிறகுதான் தெரியும்.

1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார் உ.வே.சாமிநாதையர். அதே ஆண்டு, அந்த ஊருக்கு முன்சீஃபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டதுதான் அவர் பழந்தமிழ் நூல்களைத் தேடப் புறப்பட்டதற்கு ஆரம்பம். (கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லாதான்.) சிந்தாமணி அச்சில் வர 1887 ஆனது. பத்துப்பாட்டு 1889இல் வந்தது. சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். சுவடி கையில் கிடைத்த பிறகு நடந்த வேலை அதைவிடக் கஷ்டம். மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் ஒன்றோடு ஒன்று கலந்து ஓடும். எது பாட்டு, எது உரை, எது உரைக்குள் வரும் மேற்கோள் என்று பிரிக்க வேண்டும். எங்கே ஒரு அடி முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அதாவது, எங்கே என்டர் தட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தார். இன்றைக்குச் சங்கப் பாட்டு ஒன்றை அடி அடியாகப் பிரித்துப் படிக்க முடிகிறது என்றால், அந்த ஒவ்வொரு வரி முடிவிலும் யாரோ ஒருவருடைய கண் வலி இருக்கிறது.

இதிலிருந்து ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளலாம். வரி இரண்டு விதமாக முடியும். ஓலை தீர்ந்துபோனதால் முடிவது ஒன்று. பொருள் ஒரு கட்டத்துக்கு வந்ததால் முடிவது இன்னொன்று. குறளைப் பாருங்கள். ஏழு சீர். முதல் அடியில் நாலு, இரண்டாம் அடியில் மூன்று. தாள் எவ்வளவு அகலமாக இருந்தாலும், ஏழு சீரும் ஒரே வரியில் கொள்ளும் என்றாலும், நாலாவது சீரில் மடக்கித்தான் அச்சடிப்பார்கள். அங்கே வரியை முடிப்பது தாள் இல்லை, யாப்பு. அந்த முடிவைப் பார்த்த உடனே 'இது குறள்' என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

நிரல் எழுதும்போது நடப்பதும் இதுதான். திரை ஓரம் வந்துவிட்டதே என்று எடிட்டர் தானாக மடக்கிக் காட்டுவது ஓலை வரி. இங்கே ஒரு நிபந்தனை முடிந்தது என்று எழுதியவர் மடக்குவது குறள் வரி. முன்னதால் படிப்பவருக்கு ஒரு லாபமும் இல்லை. 0.14க்கு நடுவில் வெட்டி, '0.' ஒரு வரியிலும் '14' அடுத்த வரியிலுமாகக்கூட அது காட்டும்.

எண்பது என்ற எண்

ஓலைக்குப் பிறகு அட்டை வந்தது. 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் எண்பது பத்தி. ஒரு பத்திக்கு ஒரு எழுத்து. ஓர் அட்டைக்கு நிரலின் ஒரு வரி. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 வந்தபோது, மாணவர்கள் நிரலைக் கட்டு கட்டாக அட்டையில் துளைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும். கட்டு கீழே விழுந்து வரிசை கலைந்தால் கதை முடிந்தது!

1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் அந்த எண்பதிலும் எல்லா இடமும் நிரலுக்குக் கிடைக்காது. முதல் ஐந்து பத்தி எண்ணுக்கு. ஆறாவது பத்தியில் ஏதாவது குறி இருந்தால் 'போன அட்டையின் தொடர்ச்சி' என்று அர்த்தம். 7இலிருந்து 72 வரைதான் நிரல். வணிகக் கணக்குக்கென்றே வந்த கோபால் மொழியிலும் எட்டாவது பத்தியிலிருந்து 72 வரைதான். வாக்கியம் முடிந்தால், தமிழ் வாக்கியம் போலவே, முற்றுப்புள்ளி.

அட்டை போய்விட்டது, எண்பது போகவில்லை. 2001இல் பைத்தான் மொழிக்காரர்கள் எழுதி வைத்த நடை விதிகளில் ஒரு வரிக்கு 79 எழுத்துதான் உச்சம். இன்றைய அகலத் திரையில் இருநூறு எழுத்து தாராளமாகக் கொள்ளும். பிறகு ஏன் 79? இரண்டு கோப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். கண் ரொம்ப தூரம் ஓடினால் திரும்பி வரும்போது அடுத்த வரியைத் தவற விட்டுவிடும் என்பது இன்னொன்று. தினசரிப் பேப்பர்காரர்கள் இவ்வளவு பெரிய தாளைக் குறுகிய பத்திகளாகப் பிரித்து அச்சடிப்பதும் அதனால்தானே.

1990களின் கடைசியில் இந்திய மென்பொருள் கம்பெனிகளுக்குக் கொட்டிய வேலையில் ஒரு பெரிய பங்கு, 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக அமெரிக்க வங்கிகளும் கம்பெனிகளும் வைத்திருந்த பழைய கோபால் நிரல்களைத் திருத்துவது. இருபது முப்பது வருஷத்துக்கு முன் யாரோ எழுதியது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எங்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தலைமுறையே அடுத்தவர் எழுதியதைப் படித்துத்தான் இந்தத் தொழிலில் கால் ஊன்றியது.

கழிக்க: கூட்டுக:

சரி, மடக்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த இடத்தில் மடக்குவது?

நீளமான கூட்டல் கழித்தல் கணக்கு என்றால் இரண்டு வழி இருக்கிறது. கூட்டல் குறியை வரிக் கடைசியில் விட்டுவிட்டு மடக்குவது ஒன்று. குறியை அடுத்த வரியின் தலையில் வைப்பது இன்னொன்று. கணித நூல்களை அச்சடிக்கும் முறையை ஆராய்ந்த டொனால்ட் நூத், தனியாக எடுத்துக் காட்டும் சமன்பாடுகளில் குறி அடுத்த வரியின் தலையில் வருவதுதான் மரபு என்று சொல்லியிருக்கிறார். பைத்தான் நடை விதியும் இப்போது அதைத்தான் பரிந்துரைக்கிறது.

நிகர விற்பனை =
    விற்பனை
    - விற்பனைத் திருப்பம்
    - தள்ளுபடி

இதைப் பார்த்ததும் பிளஸ் ஒன் கணக்குப் பதிவியல் படித்த யாருக்கும் சிரிப்பு வரும். வியாபாரக் கணக்கில் 'கழிக்க: விற்பனைத் திருப்பம்' என்று எழுதச் சொல்லித்தருவது இதே முறைதான். அந்தக் 'கழிக்க' வரியின் தலையில் நிற்கும், கடைசியில் தொங்காது. இடது ஓரமாகக் கண்ணை மேலிருந்து கீழே இறக்கினாலே எதைக் கூட்டினார்கள், எதைக் கழித்தார்கள் என்று தெரிந்துவிடும். நிரலாளர்கள் விதியாக எழுதி வைத்துக்கொண்டதைக் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகக் கையாலேயே செய்து வந்திருக்கிறார்கள்!

கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பதிவு, ஒரு வரி. இரண்டு செலவை ஒரே வரியில் சேர்த்து எழுதினால் ஆடிட்டர் விட மாட்டார். நிரலிலும் அது அப்படியே பொருந்தும். 1970களிலேயே யுனிக்ஸில் வந்த 'டிஃப்' என்ற கருவி, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் வரி வரியாக ஒப்பிட்டு எந்த வரி மாறியது என்று சொல்லும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்' மாதிரியான கருவிகளும் மாற்றத்தை வரிக் கணக்கில்தான் காட்டுகின்றன. நிரல் முழுக்க ஒரே வரியாக இருந்தால் அது சொல்லும் பதில், 'ஒரு வரி மாறியிருக்கிறது.' எந்த வரி? இருப்பதே ஒரு வரிதானே! ஒரு வரிக்கு ஒரு விஷயம் என்று எழுதியிருந்தால், 0.28 என்பது 0.18 ஆனது மட்டும் தனியாக எடுத்துக் காட்டப்படும். 0.14 மாறாமல் இருப்பதும் அப்போது கண்ணில் படும்.

பொய் சொல்லும் வரி

இவ்வளவு புகழ்ந்தாகிவிட்டது. மடக்கி எழுதினாலே நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வரி பொய்யும் சொல்லும்.

2014 பிப்ரவரி 21. ஆப்பிள் கம்பெனி அவசரமாக ஐபோனுக்கு 7.0.6 என்ற திருத்தத்தை வெளியிட்டது. பாதுகாப்பான இணையத் தொடர்பில் எதிர்ப்பக்கம் இருப்பது நிஜமான சர்வர்தானா என்று கையெழுத்தைச் சரிபார்க்கும் நிரலில் ஒரு ஓட்டை. பிரச்சினை கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

சோதனை தவறினால்
    வெளியே போ
    வெளியே போ

ஒரே வரி இரண்டு தடவை வந்துவிட்டது. பார்த்தால் ஒன்றும் ஆபத்தாகத் தெரியவில்லை அல்லவா? இரண்டுமே உள்ளே தள்ளி எழுதப்பட்டிருப்பதால், சோதனை தவறினால் மட்டும் நடக்கும் என்று கண் நம்பிவிடுகிறது. சி மொழிக்கு வரியும் இடைவெளியும் பொருட்டே இல்லை என்று ஆரம்பத்திலேயே பார்த்தோம். அடைப்புக்குறி போடாவிட்டால் நிபந்தனைக்கு அடுத்த ஒரே ஒரு கட்டளைதான் அதற்குக் கட்டுப்படும். இரண்டாவது 'வெளியே போ' எப்போதும் நடக்கும். அதற்குக் கீழே இருந்த கடைசிச் சரிபார்ப்பு ஒரு தடவைகூட ஓடவில்லை. அதுவரை பிழை எதுவும் வராததால், எல்லாம் சரி என்ற விடையோடு நிரல் முடிந்துவிடும். பொதுவான வைஃபையில் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன்னை பேங்க் என்று சொன்னாலும் போன் நம்பியிருக்கும்.

கம்ப்யூட்டர் எழுதியபடியே படித்தது. மனிதர்கள் தோற்றத்தைப் படித்தார்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தன. 2016இல் வந்த ஜி.சி.சி. ஆறாம் பதிப்பில், தோற்றம் ஒன்றும் பொருள் ஒன்றுமாக இருந்தால் எச்சரிக்கும் வசதியையே சேர்த்துவிட்டார்கள்.

1991இல் பைத்தானை வெளியிட்ட கைடோ வான் ராசம் வேறு வழி பிடித்தார். அந்த மொழியில் உள்ளே தள்ளி எழுதுவதே இலக்கணம். கண்ணுக்குத் தெரிவதைத்தான் கம்ப்யூட்டரும் படிக்கும். வரி முடிந்தால் வாக்கியமும் முடிந்தது. நீளமாகப் போனால் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு இஷ்டம்போல் மடக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுங்கெட்டான். அரைப்புள்ளி போட மறந்தால் அதுவே சில இடங்களில் போட்டுக்கொள்ளும். உதவிதானே என்று நினைத்தால்...

திருப்பிக் கொடு
    மொத்தம்

என்று மடக்கினால், 'திருப்பிக் கொடு' என்பதோடு வாக்கியம் முடிந்தது என்று அது முடிவுகட்டிவிடும். கையில் ஒன்றும் வராது. மொத்தம் கீழே அநாதையாக நிற்கும். நல்ல எண்ணத்தோடு தட்டிய என்டரும் சில சமயம் இப்படிக் கவிழ்த்துவிடும். எந்த மொழியில் எழுதுகிறோமோ அதன் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு மடக்க வேண்டும்.

இயந்திரம் மடக்கித் தராதா?

தருகிறது. 2017இல் வந்த 'பிரிட்டியர்', 2018இல் பைத்தானுக்கு வந்த 'பிளாக்' எல்லாம் ஒரு பொத்தானில் நிரலை ஒழுங்காக மடக்கித் தந்துவிடும். எங்கே மடக்குவது என்று ஆபீஸில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் மிச்சம்.

ஆனாலும் அவற்றால் முடியாத ஒன்று இருக்கிறது. வெற்று வரி. 'இதுவரை பில் விவரத்தை எடுத்தோம், இனிமேல் வரி கணக்கிடுகிறோம்' என்று இரண்டுக்கும் நடுவில் விடும் அந்தக் காலி வரியை எங்கே விடுவது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. இலக்கணம் தெரிந்தவர் அடி பிரித்துவிடலாம். எந்தக் கருத்து எங்கே முடிந்தது என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

பெயர் வைப்பதும் அப்படித்தான். 2020இல் எக்செல்லுக்கு வந்த 'லெட்' என்ற ஃபங்ஷனில், 0.18 என்பதற்கு 'வீதம்' என்று முதல் வரியிலேயே பெயர் கொடுத்துவிட்டு, கீழே எல்லா இடத்திலும் அந்தப் பெயரையே எழுதலாம். அடுத்த தடவை வரி மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். 14 என்ற வேஷத்தில் 28 ஒளிந்துகொள்ள முடியாது.

ஓசூர் மாதிரி ஊர்களில் கணக்கு எழுதுபவர்கள் ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை. பெங்களூரில் இரண்டாயிரம் அதிகமாகக் கிடைத்தால் போய்விடுவார்கள், அது நியாயமும்கூட. போகிறவர் சாவியைக் கொடுப்பார், பாஸ்வேர்டைக் கொடுப்பார், பீரோவில் எந்த ஃபைல் எங்கே என்று காட்டுவார். ஃபார்முலாவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். ஆறு மாதம் கழித்து டெல்லியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி ஒரு எண்ணை மாற்றும். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதுப் பையனுக்கு, முன்னவர் தட்டிவிட்டுப் போன நாலு என்டரைத் தவிர வேறு துணை கிடையாது.

ஏடு எழுதியவருக்கு ஓலை பற்றாக்குறை என்ற காரணமாவது இருந்தது. இன்றைக்கு என்டர் ஓசி. ஆல்ட்டும் சேர்த்து இரண்டு பொத்தான், அவ்வளவுதான். கையில் ஏதாவது ஷீட் இருந்தால் அதில் ஆக நீளமான ஃபார்முலாவைத் திறந்து, ஒவ்வொரு கமாவிலும் ஒரு தடவை மடக்கிப் பாருங்கள். உள்ளே எத்தனை 14 ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.